குளியற்பொடியும் காப்புரிமையும்



காரைக்கால் என்றதும் நம்மில் பலருக்கு மாங்கனி நினைவுக்கு வரும். வணிகன் ஒருவன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். அவற்றுள் ஒன்றை அவன் மனைவி பசித்து வந்த அடியாருக்கு இட்டுவிட்டாள். உணவுக்கு வந்த கணவன் எஞ்சிய கனியை உண்டு, மற்றதையும் கொணர்க என்றான். இறையருளால் அவள் கையில் வேறொரு கனி வந்தது. அதன் சுவை முன்னதினும் மேம்பட்டிருக்கவே, 'இஃது எங்கிருந்து வந்தது?' என்று அவன் வினவினான். அம்மையார் உண்மையை உரைத்தார். ஆனால் உரைத்தது போதவில்லை. அதை மெய்ப்பித்தும் காட்ட வேண்டியிருந்தது. பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றை எங்கள் ஊரில் அறியாத குழந்தை இல்லை. உண்மையைச் சொல்வது ஒன்று. அதனை மெய்ப்பிப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் கனியன்று, குளியற்பொடி.

என் அத்தை ஒருவர் காரைக்காலில் நெடுங்காலமாகக் குளியற்பொடி அரைத்து விற்று வந்தார். பயத்தம்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போகரிசி ஆகியவற்றை வெயிலில் உலர்த்தி, அளவறிந்து கலந்து, இயந்திரத்தில் அரைத்து, சலித்துப் பொட்டலம் கட்டுவார். கடைத்தெருவில் இரண்டொரு கடைக்காரர்கள் அவற்றை வாங்கி விற்பார்கள். ஒருநாள் அக்கடைக்காரருள் ஒருவர், விற்காத பொட்டலங்களைத் திருப்பிக் கொணர்ந்து திண்ணையில் வைத்துவிட்டார். வெளியூர் நிறுவனம் ஒன்று ஏறத்தாழ அதே சரக்குகளைக் கலந்து, பளபளப்பான உறையிலிட்டு அனுப்பியிருந்ததாம். அவ்வுறையின் மேல் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று அச்சிட்டிருந்ததாம். வழக்கு ஏதேனும் வந்துவிடுமோ என்று அவர் அஞ்சிவிட்டார்.

அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏன் தம்பி, இது என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, அவருக்கு அவர் மாமியார் சொன்னது. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை ஒருவர் தமக்கே உரியது என்று எழுதிவாங்கிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது, அத்தை" என்று உடனே சொல்லிவிட்டேன். "அதை எப்படிக் காட்டுவாய்?" என்று அவர் அடுத்தபடி கேட்டபொழுது எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்ற வழியில் நான் கற்றவற்றையே உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில், காப்புரிமை என்பது யாது? கடைத்தெருவில் 'பேட்டண்டு' என்று வழங்குவதும் இதுவே. புதியதொரு பொருளையோ செய்முறையையோ கண்டவன், தன் இரகசியத்தை உலகறிய எழுதிக் கொடுக்கிறான். அதற்குக் கைம்மாறாக, குறிப்பிட்ட ஆண்டுகள் பிறர் அதனைச் செய்யாதபடி தடுக்கும் உரிமையை அரசு அவனுக்கு அளிக்கிறது. இன்று நம் நாட்டில் அக்காலம் 20 ஆண்டுகள். இஃது ஒரு பண்டமாற்று. மக்களுக்கு அறிவு கிடைக்கிறது. கண்டவனுக்கு ஊதியம் கிடைக்கிறது. ஆனால் மக்கள் முன்பே அறிந்த ஒன்றை அவன் கொடுத்தால், பண்டமாற்று ஏமாற்றாகிவிடுகிறது. ஆதலால் சட்டம் மூன்று வினாக்களைக் கேட்கிறது. இது புதியதா? இது பயன்படுவதா? புதியதேயாயினும், அத்துறையில் தேர்ச்சியுடைய ஒருவருக்கு இது தானாகவே தோன்றக்கூடிய வெளிப்படையான ஒன்றா? இம்மூன்றாவது வினாவே மிகக் கடினமானது.

தேர்ச்சியுடையவர் என்றால் யார்? பேரறிஞரும் அல்லர், ஒன்றும் அறியாதவரும் அல்லர். நாட்டு மருந்துக் கடையில் பல்லாண்டுகள் சரக்கு நிறுத்துப் பொட்டலம் மடித்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரக்கு எதற்கு உதவும் என்பதை அவர் அறிவார். இருப்பதைக் கொண்டு வேண்டியதைச் சேர்த்துத் தரவும் வல்லவர். அத்தகைய ஒருவருக்குத் தோன்றக்கூடியதுதானே என்பதே கேள்வி.

இக்கேள்வியை எல்லா நாடுகளும் எல்லாக் காலத்தும் கேட்டதில்லை. இதற்குச் சான்று தேட எங்கள் காரைக்காலுக்கு அப்பால் செல்ல வேண்டியதில்லை. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். 1954 நவம்பர் 1ஆம் நாள் அதன் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான மாற்றமும் நிறைவுற்றது. சுற்றிலும் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சைத் தரணி. நடுவே பிரெஞ்சுக் கொடி பறந்த இச்சிறு நிலப்பகுதி. ஒரே வயல்வெளி, ஒரே மொழி, ஒரே குளியற்பொடி. ஆனால் எல்லையின் இருபுறத்தும் இருவேறு அரசுகள், இருவேறு சட்ட மரபுகள்.

பிரான்சில் 1844ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காப்புரிமைச் சட்டம், குடியேற்ற நாடுகளுக்கும் அதனை விரித்துக்கொள்ள இடம் வைத்திருந்தது. அச்சட்டப்படி, விண்ணப்பம் முறையாக எழுதப்பட்டிருந்தால் உரிமை கிடைத்துவிடும். அது புதியதா, பழையதா, பயனுடையதா என்று அரசு முன்கூட்டி ஆராயாது. இதில் ஒரு நேர்மையும் இருந்தது: உரிமை பெற்றவர் அதனை விளம்பரம் செய்யும்பொழுது 'அரசின் உத்தரவாதம் இன்றி' என்ற தொடரையும் சேர்த்தே எழுதவேண்டும். 'நாங்கள் முத்திரை இட்டோம். உண்மைக்கு நாங்கள் பொறுப்பல்லோம்' என்று அரசே சொன்னது போலாயிற்று. உண்மை எது என்பதைப் பின்னர் வழக்குமன்றத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அச்சட்டம் மருந்துகளுக்குக் காப்புரிமை இல்லையென விலக்கியது. ஒப்பனைப் பொருள்களுக்கு அவ்விலக்கைக் கூறவில்லை.

எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், 1911ஆம் ஆண்டுச் சட்டம் நடந்தது. அங்கே விண்ணப்பத்தை ஓர் அலுவலர் ஆராய்வார். பிறர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். உரிமை அளித்த பின்னரும், அது வெளிப்படையானது, அதில் புத்தாக்கம் எதுவும் இல்லை என்று காட்டி நீக்குமாறு கேட்கலாம். ஆக, ஒரு மரபு 'முதலில் கொடு, பின்னர் வழக்காடு' என்றது. மற்றொன்று 'முதலில் ஆராய், பின்னர் கொடு' என்றது. முன்னதில் சுமை முழுவதும் ஏழை எளியவர் தலையில் விழுகிறது. வழக்காடப் பொருளில்லாதவருக்கு, உத்தரவாதம் இல்லாத உரிமையும் அசையாத மதில்தான். என் அத்தையின் பொட்டலங்களைத் திருப்பிக் கொணர்ந்த கடைக்காரர், உறைமேல் இருந்த எழுத்தைக் கண்டே அஞ்சினார் என்பதை நினைவிற் கொள்க.

வெளிப்படையானதற்கு உரிமை இல்லை என்னும் கொள்கை எவ்வாறு வளர்ந்தது? 1851ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கதவின் குமிழை மரத்தாலும் உலோகத்தாலும் செய்வது அதுவரை வழக்கம். ஒருவர் அதனைச் சுட்ட மண்ணாற் செய்து காப்புரிமை பெற்றிருந்தார். பொருளை மாற்றியது கைவினைஞன் செய்யும் வேலையே ஒழியக் கண்டுபிடிப்பாளன் செய்யும் வேலையன்று என்று நீதிமன்றம் தீர்த்தது. நூறாண்டு கடந்து, 1952ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டத்திலேயே இக்கொள்கை எழுதப்பட்டது. 1966ஆம் ஆண்டில் கலப்பை பற்றிய வழக்கொன்றில், இதனை ஆராயும் படிமுறையையும் உச்சநீதிமன்றம் வகுத்தது. முன்னர் அறியப்பட்டது எது என்று பார். அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது என்று பார். அத்துறையினரின் சராசரித் தேர்ச்சி எவ்வளவு என்று பார். அதன்பின் முடிவு செய் என்பதே அப்படிமுறை.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு உண்டு. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, கடைசல் பிடிக்கும்பொழுது பாத்திரத்தைப் பற்றிக்கொள்ளும் கருவி ஒன்றுக்காக 1951ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. மற்றொரு நிறுவனம் அதனை எதிர்த்தது. வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றம் வழியாக உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1978ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அறிந்த உறுப்புகளை அறிந்தபடியே ஒருங்கு வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. பட்டறையில் தேர்ந்த ஒருவன் செய்யக்கூடியதினும் மேலான ஒன்று அதில் இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் விளக்கி, அக்காப்புரிமை செல்லாது என்றது. பட்டறைக்கு உரைத்த இந்நீதி அம்மிக்கும் உரியதன்றோ?

இனி, கலவைகளுக்கு வருவோம். குளியற்பொடியில் பயறு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது. வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் மணம் தருகின்றன. மஞ்சள் மேனிக்கு உதவுகிறது. ஏழும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும்? பிசுக்கும் நீங்கும், மணமும் வரும், மேனியும் தெளியும். ஒவ்வொன்றும் தன் வேலையைத்தான் செய்கிறது. ஒரே வீட்டில் குடியிருக்கும் ஏழு அயலார் போல அவை ஒன்றையொன்று தொடாமலேயே வாழ்கின்றன. இதனைக் கூட்டுத்தொகை எனலாம். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சலவைத்தூள் பற்றிய வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. ஒரே பயனுக்கென்று தனித்தனியே அறியப்பட்ட இரு பொருள்களை அதே பயனுக்காக ஒன்றாகக் கலப்பது, எடுத்த எடுப்பில் வெளிப்படையானதே என்று அது கூறியது. நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவோ இதனினும் நேராகச் செல்கிறது: வெறுங்கலப்பினால், உறுப்புகளின் பண்புகள் ஒன்றுசேர்வது மட்டுமே விளையுமாயின், அக்கலவை சட்டத்தின் கண்ணில் கண்டுபிடிப்பே அன்று.

அப்படியாயின் எந்தக் கலவைக்கும் காப்புரிமை கிடையாதா? கிடைக்கும். எப்பொழுது என்பதற்கு நம் வீட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மஞ்சளைத் தனியே நீரில் கரைத்தால் நீர் மஞ்சளாகும்; சுண்ணாம்பைத் தனியே கரைத்தால் வெண்மையாகும். இரண்டையும் சேர்த்தாலோ, மஞ்சளும் அன்று, வெண்மையும் அன்று. செக்கச் சிவந்த ஆரத்தி நீர் பிறக்கிறது! மஞ்சளில் உள்ள வண்ணப்பொருள் காரத்தோடு கூடிச் சிவக்கிறது என்பது அறிவியல் தரும் விளக்கம். இரண்டிலும் இல்லாத மூன்றாவது பண்பு ஒன்று இங்கே தோன்றுகிறது. இத்தகைய எதிர்பாராத விளைவைக் கலவையிற் காட்டுவோர்க்கே உரிமைக்கு வழி உண்டு. ஆரத்தியை நாம் பன்னெடுங்காலமாக அறிவோமாதலால் அதற்கு இன்று எவரும் உரிமை கோர முடியாது. ஆயினும் முதன்முதற் கண்ட ஒருவர் இருந்திருப்பாரன்றோ? அவர் செய்தது வெறுங்கலப்பன்று.

எதிர்பாராத விளைவு என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? வாய்ச்சொல் உதவாது, அளவு வேண்டும். ஒரு சரக்கை மட்டும் கொண்டு ஒருமுறை, மற்றொன்றை மட்டும் கொண்டு ஒருமுறை, இரண்டையும் சேர்த்து ஒருமுறை என மூன்று சோதனைகளைச் செய்யவேண்டும். முதலாவது இரண்டு பங்கு பயன் தந்து, இரண்டாவது மூன்று பங்கு தந்து, கலவை ஐந்து பங்கு தந்தால், அது கணக்கிற் கண்ட கூட்டலே. கலவை எட்டுப் பங்கு தருமாயின், அங்கே ஆராயத்தக்கது ஏதோ இருக்கிறது. ஒப்பனைப் பொருளுக்கு உரிமை கோருபவர் இத்தகைய ஒப்பீட்டைக் காட்டினாரா என்பதே, எதிர்ப்பவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.

இதுவரை சொன்னது உரிமை கோருவோர் காட்டவேண்டியது. எதிர்ப்போர் காட்டவேண்டியது யாது? 'முன்னர் அறியப்பட்டது' என்பதை அவர் நிறுவவேண்டும். அங்கேதான் நம் நாட்டுக்குப் பெரிய பாடம் ஒன்று கிடைத்தது. 1995ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்காக அமெரிக்க நாட்டின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. செய்தி கேட்டு இந்நாட்டில் சிரிக்காதவர் இல்லை. காலில் அடிபட்ட குழந்தைக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசாத பாட்டி இங்கே உண்டா? ஆனால் சிரிப்பு சான்று ஆகாது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், அந்நாட்டுக்கு உள்ளே நிகழ்ந்த பயன்பாடு கணக்கிற் கொள்ளப்பட்டது. வெளிநாட்டில் நிகழ்ந்ததாயின், அச்சிடப்பட்டோ காப்புரிமை ஏட்டில் ஏறியோ இருந்தால்தான் கொள்ளப்படும். நம் பாட்டிமார் கோடிக்கணக்கில் திரண்டு சென்று சாட்சி சொன்னாலும், அச்சட்டத்தின் செவியில் ஏறாது!

டாக்டர் மசேல்கர் தலைமையிலிருந்த அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, 1996ஆம் ஆண்டில் அக்காப்புரிமையை மறுஆய்வு செய்யுமாறு விண்ணப்பித்தது. வடமொழி, உருது, இந்தி முதலிய மொழிகளின் ஏடுகளையும் நூல்களையும் தேடி, 32 சான்றுகளை அடுக்கியது. அவற்றுள் ஒன்று, இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டில் அக்காப்புரிமையின் கோரிக்கைகள் மறுக்கப்பட்டன. ஊரறிந்த மஞ்சளை ஊரறிந்ததென்று காட்ட, ஒரு நாட்டின் ஆராய்ச்சி நிறுவனமே ஏடு தேட வேண்டியிருந்தது.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். பாய் கட்டிய மிதவைப்பலகை ஒன்றன்மேல் நின்று கடலிற் செல்லும் விளையாட்டுக் கருவிக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. 1958ஆம் ஆண்டு விடுமுறையின்போது இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தானே செய்த அத்தகைய பலகையில் ஏறிப் பலர் காண விளையாடினான் என்பது சான்றுகளால் நிறுவப்பட்டது. 1985ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாது என்றது. ஒரு சிறுவனின் விளையாட்டு அங்கே சான்றாக ஏறியது. நம் பாட்டிமாரின் மருத்துவம் அமெரிக்காவில் ஏறவில்லை. காரணம் அறிவின் ஏற்றத்தாழ்வன்று. சட்டம் எதனைச் சான்று என்று கொண்டது என்பதே. அமெரிக்கா பின்னர் 2011ஆம் ஆண்டில் தன் சட்டத்தைத் திருத்தி, 2013 மார்ச்சு முதல் எந்நாட்டுப் பயன்பாட்டையும் ஏற்கத் தொடங்கியது.

மஞ்சள் வழக்கின் பயனாக எழுந்ததே மரபறிவு மின்னூலகம். 2001ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணியில் ஆயுர்வேதம், யூனானி, சித்த மருத்துவம் ஆகியவற்றின் நூல்களில் உள்ள செய்முறைகள் தொகுக்கப்பட்டன. வடமொழி, தமிழ், அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றில் இருந்தவை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் என்னும் ஐந்து மொழிகளில், காப்புரிமை அலுவலர் படித்து அறியத்தக்க வடிவில் ஆக்கப்பட்டன. காரைக்காலில் பிறந்தவனாகிய எனக்கு, அவ்வைந்தில் பிரெஞ்சும் ஒன்று என்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எங்கள் ஊரை ஆண்ட மொழியில் நம் சித்தர் மருத்துவம் இன்று சான்றாக நிற்கிறது. 2009ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இந்நூலகத்தைப் பார்வையிட உடன்பாடு செய்துகொண்டது.

அதன் பயனை ஓர் ஒப்பனைக் கலவையிலேயே காணலாம். மஞ்சள், தேவதாரு இனத்துப் பைன் மரத்தின் பட்டை, பச்சைத் தேயிலை ஆகியவை கலந்து, முடி உதிர்தலைத் தடுக்கும் கலவை ஒன்றுக்காகப் பாஞ்சியா லேபரட்டரீஸ் என்னும் நிறுவனம் ஐரோப்பிய அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. இச்சரக்குகள் முடி உதிர்தலுக்கு ஆயுர்வேதத்திலும் யூனானியிலும் முன்பே வழங்கியவை என்பதற்கு மின்னூலகத்தார் சான்றுகளை அனுப்பினர். 2015ஆம் ஆண்டில் அவ்விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. மஞ்சளுக்கு உரிமை கொடுத்த பின்னர் பறிக்கவேண்டியிருந்தது; இங்கே கொடுப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. எழுத்தின் வலிமை இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். எதைப் பார்த்தாலும் 'இது நமக்கு முன்பே தெரியும்' என்பதும் நேர்மையன்று. விடுகதையின் விடையைக் கேட்ட பின்னர், 'அட, இவ்வளவுதானா?' என்று எல்லோரும் சொல்வோம். கேட்கும் முன்பு வாய் திறந்தவர் எத்தனை பேர்? கண்டுபிடிப்பும் அத்தகையதே. கண்டபின் எளிதாகத் தோன்றுவது, காணுமுன்னும் எளிதாக இருந்தது என்று பொருளன்று. ஆகையால் வெளிப்படை என்று வாதிடுவோர், விண்ணப்பம் செய்த நாளுக்கு முன்பு நின்று பார்க்கவேண்டும். அந்நாளில் இச்சரக்குகளின் பண்பு எங்கே எழுதப்பட்டிருந்தது? அவற்றைச் சேர்க்கத் தூண்டும் காரணம் என்ன இருந்தது? சேர்த்தால் என்ன விளையும் என்று அன்று எதிர்பார்த்திருக்க முடியுமா? 2007ஆம் ஆண்டில் மோட்டார் வண்டியின் மிதி பற்றிய வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், அறிந்த உறுப்புகள் தத்தம் பழைய வேலையையே செய்து, எதிர்பார்த்த விளைவையே தருமாயின் அச்சேர்க்கை வெளிப்படையானது என்றது; அவ்வுறுப்புகளைச் சேர்க்கக் காரணம் இருந்ததா என்பதை ஆராய்ந்து எழுதவேண்டும் என்றும் வற்புறுத்தியது. பலர் நெடுங்காலம் முயன்று தோற்ற ஒன்றில் ஒருவர் வெற்றி கண்டிருந்தால், அது வெளிப்படையன்று என்பதற்கு அத்தோல்விகளே சான்றாகும். உழைத்துக் கண்ட இளைஞனின் உரிமையைக் காப்பதும் இச்சட்டத்தின் கடமையே.

நம் நாட்டுச் சட்டத்தின் இன்றைய நிலை என்ன? சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதியாக விளங்கிய இராஜகோபால ஐயங்கார், 1959ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிப்படை. அச்சட்டம் 1972 ஏப்ரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர் வந்த திருத்தங்களால், மரபறிவும், மரபில் அறியப்பட்ட சரக்குகளின் அறிந்த பண்புகளைத் தொகுத்ததும் கண்டுபிடிப்பு ஆகா என்று எழுதப்பட்டது. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படுமுன், எவர் வேண்டுமானாலும் எழுத்து மூலம் எதிர்க்கலாம். காரைக்காலில் உள்ளவர் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதலாம். எல்லாவற்றினும் சிறப்பானது ஒன்றுண்டு. ஓர் ஊர்மக்களிடையே வழங்கும் அறிவு வாய்மொழியாக இருப்பினும், அது முன்னமே அறியப்பட்டதென்று காட்டி எதிர்க்கலாம் என்று நம் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. அமெரிக்கா அன்று கேளாத பாட்டிமாரின் குரலை நம் சட்டம் கேட்கிறது.

ஆயினும், கேட்கிறது என்பதனால் மெய்ப்பிக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை. யார், எங்கே, எந்த நாளிலிருந்து, எந்தச் சரக்குகளை, எதற்காகக் கலந்தார் என்பதை உறுதிப்படுத்தவேண்டும். இவ்வளவும் அறிந்துகொண்டு நான் மீண்டும் அத்தை வீட்டுக்குச் சென்றேன்.

"அத்தை, உங்கள் மாமியார் சொன்னது எங்கேனும் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எழுதுவானேன்? கைக்குத் தெரியுமே!" என்றார்.

கைக்குத் தெரிந்தது நாட்குறிக்கப்பட்ட சான்று ஆகாதே என்று விளக்கினேன். பெட்டியிற் பூட்டி வைத்த குறிப்பேடும் பயன்படாது. பிறர் காணக் கிடைத்ததாக இருக்கவேண்டும் என்றும் சொன்னேன். சற்று நேரம் எண்ணியிருந்தவர், பரணிலிருந்து தகரப்பெட்டி ஒன்றை இறக்கச் சொன்னார். அதில் சரக்கு வாங்கிய நாட்டு மருந்துக் கடையின் ரசீதுகள், பொட்டலம் விற்ற கடைகளின் சீட்டுகள், சரக்குகளின் பெயர் அச்சிட்ட பழைய மேலுறைகள் ஆகியவை ஆண்டுவாரியாகக் கயிற்றிற் கோத்திருந்தன. ஒவ்வொன்றிலும் நாள் இருந்தது! வெளிப்படையாக விற்ற பொருளுக்கு அவற்றினும் நல்ல சான்று வேறென்ன வேண்டும்? கணக்கில் பிழை வரக்கூடாதென்று அவர் காத்து வைத்தவை, அவர் அறியாமலேயே அவர் உரிமையையும் காத்து நின்றன.

அக்கடைக்காரரிடம் சென்று இரண்டு செய்திகளை விளக்கினேன். விண்ணப்பித்தது வேறு, உரிமை பெற்றது வேறு. விண்ணப்பம் செய்தமையால் மட்டும் ஒருவர் மற்றவர்மேல் வழக்குத் தொடுத்துவிட முடியாது. மேலும், பல்லாண்டுகளாக வெளிப்படையாக விற்ற பொருளைப் பின்னர் வந்த எவரும் தமதென்று தடுக்க இயலாது. அவர் அந்த ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தார். அவற்றிற் சில அவர் தந்தையார் கையெழுத்தில் இருந்தன. மறுநாளே ஆளை அனுப்பிப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டார்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீடுகளிலும் கைக்குத் தெரிந்தவை பல இருக்கின்றன. அவற்றை அறிந்த கைகள் மூப்படைந்து வருகின்றன. அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடமும் அத்தையிடமும் அமர்ந்து, சரக்கின் பெயர், அளவு, பக்குவம், பயன், கற்பித்தவர் பெயர், எழுதிய நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். அவர்கள் இசைந்தால் கல்லூரி மலரிலோ ஊர் இதழிலோ அச்சேற்றுங்கள். அச்சேறியது அன்று முதல் எல்லோர்க்கும் உரியது. பின்னர் எவரும் அதனைத் தமக்கே உரியதென்று கோர முடியாது. அவ்வீட்டாரும் கோர முடியாது என்பதை முன்னதாகவே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

என் அத்தையிடம் நானும் அவ்வாறே கேட்டேன். "எழுதிக்கொள் தம்பி; ஊரிலிருந்து வந்தது, ஊருக்கே போகட்டும்" என்றார். ஏழு சரக்குகளின் அளவையும் சொல்லி முடித்தபின், "மேலே என் மாமியார் பெயரைப் போடு" என்றார். அவ்வாறே எழுதி, கீழே நாளையும் குறித்தேன்.